உண்ணி, தெள்ளு மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி: வன்னியில் நாய், பூனை வளர்ப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

வன்னியில் நாய் இல்லாத வளவைக் காண்பது கஷ்டம். பன்றி தோட்டத்துக்குள் இறங்கினாலும், யானை வேலிக்கரைக்கு வந்தாலும், இரவில் படலையடியில் ஆள் நின்றாலும் முதலில் சொல்வது அதுதான். அந்த நாயின் காதுக்குள் உண்ணி குலையாகத் தொங்குவதைக் கண்டதும் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறோம். இல்லாவிட்டால் அயலவர் சொன்ன மருந்தை வாங்கிப் பூசுகிறோம். அயலவரின் நாயைக் காப்பாற்றிய அதே மருந்து உங்கள் வீட்டுப் பூனையைக் கொன்றுவிடக்கூடும். அதனால் "எந்த மருந்து நல்லது" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தப் பிராணி, எத்தனை கிலோ, என்ன வயது, எங்கே படுக்கிறது என்ற நாலும் தெளிவானால், வாங்கவேண்டிய மருந்து ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும்.

படி 1: கடிப்பது எது என்று பாருங்கள்

உண்ணி எட்டுக்காலி. அது பாயாது, பறக்காது. ஊர்ந்து ஏறித் தோலில் வாயைப் புதைத்து அசையாமல் கிடக்கும். காது மடலின் உட்புறம், கழுத்துக்குக் கீழே, அக்குள், விரல் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். இரத்தம் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல உப்பியிருக்கும். குஞ்சு உண்ணிகள் ஊசிமுனை அளவுதான். அழுக்கு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

தெள்ளு ஆறுகால் பூச்சி, பாயும். நாயில் அதைப் பிடிப்பதைவிட அதன் எச்சத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து விரித்து, அதன்மேல் நாயை நிறுத்தி, முதுகின் பின்பக்கத்தையும் வாலடியையும் பேன் சீப்பால் வாருங்கள். கறுப்புத் தூள் விழும். ஈரத்தில் ஒரு நிமிடம் விட்டால் மண் மண்ணாகவே இருக்கும்; தெள்ளின் எச்சமோ சிவந்த பழுப்பாகக் கசியும். அது நாயின் இரத்தம். பூனைக்கும் இதே சோதனைதான். பூனை தன்னை நக்கித் துப்புரவாக்கும்போது தெள்ளையும் விழுங்கிவிடுவதால், பூச்சியே கண்ணில் படாமல் தூள் மட்டும் இருக்கலாம்.

பேன் மெதுவாக நகரும், ஈர் மயிரில் ஒட்டியிருக்கும். மயிர் கொட்டி, தோல் தடித்து, செதில் செதிலாக இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்தப் பிரிவினையை வேலை மினக்கேடு என்று எண்ணவேண்டாம். உண்ணியைக் கொல்லும் அமிட்ராஸ் தெள்ளை ஒன்றும் செய்யாது. தெள்ளைக் கொல்லும் இமிடாக்ளோபிரிட் தனியே உண்ணிக்கு உதவாது. இது தெரியாமல் காசைக் கரைத்தவர்கள் நிறையப்பேர்.

படி 2: எதிரி நாயில் மட்டும் இல்லை என்பதை மனதில் வையுங்கள்

நம் வளவுகளில் நாயைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணிதான். முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒருமுறை, அடுத்த பருவத்தில் இன்னொருமுறை, வளர்ந்தபின் மறுபடி ஒருமுறை என்று மூன்று தடவை நாயில் ஏறி, மூன்று தடவையும் இறங்குகிறது. இறங்கினால் புல்லுக்குள் போவதைவிடச் சுவர் வெடிப்பு, விறாந்தைத் தூணின் அடி, கட்டிலின் மூட்டு, கூரைச் சலாகை என்று மேலே ஏறி ஒளிப்பதுதான் அதற்குப் பழக்கம். நிறையக் குடித்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகும். மண்சுவரும் கிடுகும் பலகையும் உள்ள வீட்டில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. நமக்குப் பனிக்காலம் என்று ஒன்று இல்லாததால் வருடம் முழுக்கப் பெருகும்.

தெள்ளின் கதையும் இதேதான். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை மயிரில் ஒட்டாது, நாய் படுக்கும் இடத்தில் கொட்டுப்படும். கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருந்து, சூடும் அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனவுடன் காலில் மொய்ப்பது இதனால்தான். நாயில் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் ஏறத்தாழ 5 வீதம். மீதி முட்டையாகவும் புழுவாகவும் தரையில் கிடக்கிறது என்பது பொதுவான கணக்கு.

ஒரே ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு "மருந்து சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லாதது இதனால்தான். எந்த மருந்தை எடுத்தாலும் குறைந்தது 3 மாதம் இடைவெளியில்லாமல் ஓடவேண்டும். வளவிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நாளில் போடவேண்டும். உண்ணி வருடம் முழுக்க இருக்கும் இடத்தில் மருந்தும் வருடம் முழுக்கத் தொடர்வதே பாதுகாப்பு.

படி 3: நிறுத்துப் பாருங்கள்

மருந்தின் அளவு நிறையில்தான் தங்கியிருக்கிறது. கண்ணளவில் சொல்லும் நிறை அநேகமாகப் பிழைக்கும். ஊர் நாய்கள் மயிர் குட்டையாக, ஒட்டின வயிறோடு இருப்பதால் குறைத்தே மதிப்பிடுவோம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு தனியே ஏறி, கழித்துப் பாருங்கள். தூக்க முடியாத பெரிய நாயா? நெல்லு நிறுக்கிற தொங்கு தராசு எந்த ஊரிலும் இருக்கும். உர பையை இரு பக்கமும் வெட்டி, நாயின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நாலு முனையையும் சேர்த்துக் கொழுவித் தூக்கினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நாய்க்குப் பழகியவர் ஒருவர் தலைப்பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கட்டும்.

நிறையோடு இவற்றையும் ஒரு துண்டில் எழுதுங்கள்: வயது, சினையா, பால் கொடுக்கிறதா, முன்னர் வலிப்பு வந்ததா, வேறு மருந்து போகிறதா, குளத்திலோ வாய்க்காலிலோ இறங்குகிற பழக்கம் உண்டா, அதே வீட்டில் பூனை இருக்கிறதா, சின்னப் பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடித்து விளையாடுவார்களா. இந்தத் துண்டோடு போனால் டொக்டரின் வேலையும் பாதியாகும்.

படி 4: மருந்து வகைகளை ஒப்பிடுங்கள்

வாய்வழி வில்லைகள். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாய்களுக்கு வந்த பெரிய மாற்றம் இதுதான். ஐசொக்சசோலின் என்ற இனத்தைச் சேர்ந்தவை. புளூரலனர் (பிரவெக்டோ) ஒரு வில்லை ஏறத்தாழ 12 கிழமைக்கு நிற்கும். அஃபொக்சோலனர் (நெக்ஸ்கார்ட்), சரோலனர் (சிம்பரிக்கா) இரண்டும் மாதம் ஒருமுறை. உண்ணி, தெள்ளு இரண்டுக்கும் வேலை செய்யும், தண்ணீரில் கழுவுப்படாது. பூச்சி கடித்து இரத்தம் குடித்தால்தான் சாகும், அதனால் வில்லை கொடுத்த பிறகும் புதிதாக ஏறிய உண்ணியைக் காண்பீர்கள். ஒன்றிரண்டு நாளில் அது செத்து விழும்.

வன்னியின் காவல் நாய்க்கு என் முதல் சிபாரிசு இந்த வகைதான். நம் நாய்கள் வாய்க்காலில் நீந்தும், வயல் சேற்றில் புரளும், மாரியில் நனைந்துகொண்டே திரியும். மேலே பூசுவது எதுவும் அதிக நாள் நிற்காது. விலை கூட என்று பயப்படுகிறவர்கள் விலையை அது காக்கும் கிழமைகளால் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் வாங்கிக் கொட்டும் பவுடரும் சவர்க்காரமும் சேர்ந்தால் மலிவு என்று நினைத்ததுதான் செலவு கூடியதாக நிற்கும்.

இரண்டு எச்சரிக்கை. இந்த இன மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 இல் அறிவித்தது. பெரும்பாலான நாய்கள் தாங்கிக்கொள்கின்றன, ஆனால் வலிப்பு வந்த நாய் என்றால் டொக்டரிடம் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. அடுத்தது, பெரிய நாய்க்கான வில்லையை வாங்கி உடைத்து இரண்டு சின்ன நாய்க்குக் கொடுப்பது. இந்த வில்லைகள் முழுதாகக் கொடுப்பதற்கே செய்யப்பட்டவை. எத்தனை வயதிலிருந்து, எத்தனை கிலோவிலிருந்து என்பது பெட்டியில் இருக்கும். பொதுவாக 8 கிழமைக்கும் 2 கிலோவுக்கும் குறைந்த குட்டிக்கு இவை இல்லை.

பிடரியில் விடும் துளி மருந்து. ஃபிப்ரொனில் (ஃப்ரொன்ட்லைன்) இதில் பழையது, மாதம் ஒருமுறை. தோலின் எண்ணெய்ப்பசையில் பரவி நிற்கும். போடுவதற்கு 2 நாள் முன்னும் 2 நாள் பின்னும் குளிப்பாட்டக்கூடாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் இது பொருந்தும், குளத்தில் இறங்கும் நாய்க்கு அவ்வளவாக இல்லை. இதே மருந்து ஸ்பிரேயாகவும் வருகிறது. முயல் வளர்க்கிறவர்கள் கவனியுங்கள்: ஃபிப்ரொனில் முயலைக் கொல்லும்.

கொலர். இமிடாக்ளோபிரிட், புளூமெத்ரின் இரண்டும் சேர்ந்த செரெஸ்டோ 7, 8 மாதம் வரை வேலை செய்யக்கூடியது. கழுத்துக்கும் கொலருக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும், தோலில் படவும் வேண்டும். அடிக்கடி நனைந்தால் காலம் குறையும். கடையில் தொங்கும் மலிவான வாசனைக் கொலர்களில் மருந்தின் பெயரே எழுதியிருக்காது. அதற்குக் காசு கொடுக்கவேண்டாம். பிள்ளைகள் நாயோடு ஒன்றாகப் படுத்து உருளும் வீட்டுக்குக் கொலர் எனக்குப் பிடித்தமில்லை.

அமிட்ராஸ் கழுவல். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி மருந்து என்றால் பலருக்குத் தெரிந்தது இதுதான். 12.5 வீதக் கரைசலில் 2 மில்லிலீற்றரை 1 லீற்றர் தண்ணீரில் கலந்தால் 0.025 வீதம் வரும். போத்தலின் செறிவு வேறாக இருந்தால் கணக்கும் வேறு, அதனால் "ஒரு மூடி" என்று அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் எடுங்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை டொக்டர் சொல்லட்டும். கையுறை போட்டு, காற்றோட்டமான நிழலில், கண்ணிலும் புண்ணிலும் படாமல் ஊற்றி, துடைக்காமல் காயவிடுங்கள். காயும்வரை நக்க விடாதீர்கள். பூனைக்கும், சின்னக் குட்டிக்கும், நீரிழிவு உள்ள நாய்க்கும் கூடாது. மீதியை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றினால் மீன் சாகும்.

ஊசி. ஐவர்மெக்டின் ஊசி போட்டால் எல்லாம் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. சொறிக்கு அது உதவும். உண்ணிக்கும் தெள்ளுக்கும் நம்பத்தகுந்ததல்ல. கொலி போன்ற இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புக்கும் மூளையைத் தாக்கலாம். மாட்டுக்கு வாங்கிய போத்தலிலிருந்து எடுத்து நாய்க்குப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

படி 5: பூனை இருந்தால் இதை இரண்டு தடவை வாசியுங்கள்

நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வல்லமை போதாது. நாய்க்கான ஒரு துளிக் குழாயைப் பூனைக்கு விட்டால் சில மணித்தியாலத்தில் காது துடிக்கும், மேல் நடுங்கும், வலிப்பு வரும். "நாய்க்குப் போட்டதில் கொஞ்சம் மீதி, பூனைக்கும் விட்டேன்" என்பதில்தான் பூனைகள் சாகின்றன. அந்த மருந்து போட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும் நக்கினாலும் ஆபத்து. மருந்து முழுதாகக் காயும்வரை, முடிந்தால் 3 நாள், இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தவறுதலாகப் பட்டுவிட்டால், இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டு உடனே கழுவுங்கள். சுடுநீர் வேண்டாம், மருந்து கூடுதலாக உறிஞ்சப்படும். குளிர்ந்த நீரும் வேண்டாம், நடுக்கம் கூடும். துவாயில் சுற்றிக்கொண்டு, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் ஓடுங்கள்.

பூனைக்கு வாங்கும்போது பெட்டியில் பூனைப் படம் இருந்தால் மட்டும் போதாது, பூனைக்கான நிறை அளவும் அச்சிட்டிருக்கவேண்டும். பூனைக்கான ஃபிப்ரொனில், செலமெக்டின் துளிகள் பழகிய தெரிவுகள். நம்மூர்ப் பூனைகளுக்கு உண்ணியைவிடத் தெள்ளே தொல்லை.

பால்குடிக் குட்டிகளுக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். தாய்க்கு டொக்டர் சொன்னதைப் போடுங்கள், குட்டியைச் சீப்பால் வாரி, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே துடைத்துக் காய வையுங்கள். ஆனால் அசட்டை வேண்டாம். தெள்ளு நிறையப் பிடித்த குட்டி இரத்தம் குறைந்தே செத்துவிடும்.

படி 6: கை வைக்கக்கூடாதவை

மண்ணெண்ணெய், கழிவு ஒயில், பெற்றோல் மூன்றும் தோலைப் பொசுக்கும்; நக்கினால் நுரையீரலுக்குள் போகும். புகையிலைத் தண்ணீரில் நிக்கோட்டின் இருக்கிறது, அது நஞ்சு. பூச்சி உருண்டையும் அப்படியே.

வயலுக்கு அடிக்கும் மருந்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். விவசாய மருந்துப் போத்தலிலும் நாய் மருந்திலும் ஒரே பெயர் இருப்பதுண்டு. பெயர் ஒன்றானாலும் செறிவும் கரைப்பானும் வேறு. ஒகனோபொசுபேற்று என்ற பூச்சிகொல்லி வகையை நாயில் ஊற்றினால் வாயில் நீர் வடியும், வாந்தி, கழிச்சல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் என்று போய் முடியும். ஊற்றினவருக்கும் தோல் வழியாக ஏறும். தெளிகருவியில் மிச்சமிருப்பதை நாய்க்கொட்டிலுக்கு அடிப்பதும் இதே ஆபத்துத்தான்.

வேப்பெண்ணெய் பற்றிப் பலர் கேட்பார்கள். பூச்சியைக் கொஞ்சம் விரட்டும், உண்ணி குலையாகப் பிடித்த நாயைக் காப்பாற்றாது. வேப்பிலை அவித்த தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டுவதில் தீங்கில்லை, ஆனால் அதை மருந்து என்று நம்பி மற்றதை நிறுத்தாதீர்கள். பூனைக்கு எந்த எண்ணெயும் பூசவேண்டாம், எல்லாவற்றையும் நக்கிவிடும்.

படி 7: வாங்கும்போது

முதலில் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்திலும் இவை உண்டு. மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்து நாயைக் கொண்டுபோகாதவர்கள் பலர். விசர்நாய்த் தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்கலாம்.

கடையில் வாங்கினால் முத்திரை உடையாத பெட்டியா, காலாவதித் திகதி என்ன, எந்தப் பிராணிக்கு, எத்தனை கிலோவுக்கு என்ற நாலையும் பாருங்கள். பெட்டியில்லாமல் தனியே தரும் வில்லையையோ, சிரிஞ்சில் உறிஞ்சித் தரும் துளி மருந்தையோ வாங்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கிடந்த மருந்தின் வீரியத்தை யாரும் உறுதிசொல்ல முடியாது.

படி 8: போடும் நாளும் வளவும்

வில்லையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், துப்பிவிட்டதா என்று கொஞ்ச நேரம் பார்த்திருங்கள். துளி மருந்தை மயிரில் விடக்கூடாது: பிடரியில், நக்கமுடியாத இடத்தில், மயிரைப் பிரித்து வெண்தோல் தெரிந்த பின் அதில் விடுங்கள். திகதியைக் கலண்டரில் குறியுங்கள்.

ஏற்கெனவே கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, மெதுவாக இழுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்குவது நம் பழக்கம். அந்த இரத்தத்தில் கிருமி இருக்கலாம், நசுக்காதீர்கள். நெருப்பு வைக்கவும் வேண்டாம். நாய் உண்ணியைக் கடித்துத் தின்னவும் விடாதீர்கள். ஹெப்பற்றோசூன் என்ற கிருமி விழுங்கிய உண்ணி வழியாகத்தான் தொற்றுகிறது.

அதே நாளில் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள், அல்லது கொதிநீரில் அவித்து வெயிலில் போடுங்கள். விறாந்தையைக் கூட்டி அள்ளிய குப்பையை வேலியோரம் கொட்டாமல் எரியுங்கள். சீமெந்துத் தரை வெடிப்புகளுக்குக் கொதிநீர் ஊற்றுங்கள், பிறகு சீமெந்தால் அடையுங்கள். மண்சுவர் என்றால் வெடிப்புகளை மண்ணால் பூசி மெழுகுவதே நல்ல வைத்தியம். பூச்சிமருந்து அடிக்கவேண்டிய அளவு மோசமென்றால் வீட்டுப் பாவனைக்கான மருந்தை லேபிளில் உள்ளபடி அடித்து, காயும்வரை பிராணிகளையும் பிள்ளைகளையும் வெளியே வையுங்கள். ஆட்டுக்கொட்டிலில் நாய் படுத்தால் அங்கேயும் தெள்ளு இருக்கும். ஆட்டுக்கு எதைப் போடலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள். பால், இறைச்சி மனிதருக்கு வருவது, நாய் மருந்தை ஆட்டுக்குப் போடக்கூடாது.

படி 9: உண்ணிக் காய்ச்சலைக் கவனியுங்கள்

எந்த மருந்தும் நூறு வீதம் தடுக்காது. உண்ணி சாவதற்குள் கிருமியை விட்டுவிடலாம். பபேசியா, எர்லிக்கியா இரண்டும் இலங்கை நாய்களில் காணப்படுபவை. சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காமல் சுருண்டு கிடந்தால், காய்ச்சலடித்தால், சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனால், மூக்கால் இரத்தம் வந்தால் அன்றைக்கே போகவேண்டும்.

தினமும் ஒருமுறை நாயின் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி, 2 செக்கனுக்குள் நிறம் திரும்பவேண்டும். வெளிறியே இருந்தால் இரத்தம் குறைந்திருக்கலாம்; மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலையின் அறிகுறி. முரசு இயல்பாகவே கறுப்பான நாய்க்குக் கீழ் இமையைப் பிரித்து உள்ளே பாருங்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். பூனைக்கு அது ஒரு வில்லையிலேயே உயிரைக் குடிக்கும். இரத்தம் சோதித்து எர்லிக்கியா என்று கண்டால் டொக்சிசைக்ளின் வழக்கமாக 4 கிழமைக்கு எழுதுவார்கள். மூன்றாம் நாளே நாய் எழும்பி வாலாட்டும், அப்போது வில்லையை நிறுத்திவிட்டால் கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். கொடுத்து முடிக்கும்வரை போத்தலைக் குசினியில் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள், உண்ணி மருந்தையும் கூடவே தொடருங்கள்.